திருவுளச்சீட்டும் புற்றுநோய் மருந்தும்



சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். சங்கிலி மன்னனைப் பற்றியும் யாழ் நூலகத்தைப் பற்றியும் எழுத என்னிலும் தகுதியானவர்கள் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறொரு வரலாறு. பிரித்தானியாவின் ஆஸ்பத்திரிகளில் எங்கட சனத்துக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வருவது என் தொழில். அங்கே, புற்றுநோய்ப் பிரிவில், வைத்தியர் சில வேளைகளில் இப்படிச் சொல்லுவார்: "இரண்டு விதமான சிகிச்சை இருக்கிறது. எது நல்லது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆய்வு நடக்கிறது. விரும்பினால் நீங்களும் சேரலாம். சேர்ந்தால், உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதை நானும் தீர்மானிக்க மாட்டேன், நீங்களும் தீர்மானிக்க முடியாது. கொம்பியூட்டர் குலுக்கிப் போடும்."

நான் இதைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னமே முகங்கள் மாறிவிடும். "டொக்டருக்கே தெரியாதெண்டால் நாங்கள் ஏன் இங்க வந்தனாங்கள்?" என்று ஒருவர் கேட்பார். "எங்களை எலியாக்கிப் பாக்கினமோ?" என்று இன்னொருவர். இன்னும் விசா முடிவு வராத ஒருவர் குரலைத் தாழ்த்தி, "கையெழுத்து வைக்காட்டி எங்கட கேசுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" என்று கேட்பார். இதற்கு நேர்மாறாக, "புது மருந்துதான் நல்லது, அதை எனக்கே தரச் சொல்லுங்கோ, குலுக்கல் எல்லாம் வேண்டாம்" என்று மன்றாடுகிறவர்களும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் அந்த அறைக்குள் புத்திமதி சொல்லக் கூடாது. அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்லலாம், அவ்வளவுதான். ஆகவே அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். "எங்களுக்குத் தெரியாது" என்ற அந்தச் சொல்லை ஒரு வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவதற்கு மருத்துவ உலகத்துக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. அது சொல்லப்படாத காலத்தில் எத்தனையோ பெண்கள் தேவையில்லாமல் வெட்டப்பட்டார்கள், எத்தனையோ பேர் தேவையில்லாமல் வதைபட்டார்கள். அந்தக் கதைதான் இது.

பாத்தியில் பிறந்த முறை

குலுக்கிப் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. இரண்டு வழியில் எது என்று மனம் தடுமாறும்போது கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற சனம் நாங்கள். திருவுளச்சீட்டு எடுத்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்களும் உண்டு. மனிதனுடைய விருப்பு வெறுப்பு உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே சீட்டு எடுக்கிறோம்? மருத்துவ ஆய்விலே சீட்டு எடுப்பதற்கும் அடிப்படைக் காரணம் அதுதான்.

ஆனால் இந்த முறை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை, தோட்டத்தில் தொடங்கியது. ஊரிலே வெங்காயம் வைத்தவர்களுக்கு இது இலேசாக விளங்கும். புது உரம் ஒன்று வந்திருக்கிறது, நல்லதோ என்று பார்க்கவேண்டும். கிணற்றடியில் இருக்கிற நல்ல பாத்திக்குப் புது உரத்தையும் வேலிக்கரைப் பாத்திக்குப் பழைய உரத்தையும் போட்டுவிட்டு, "பார், புது உரம் என்ன விளைச்சல்!" என்றால் அது நீதியா? விளைந்தது உரத்தாலா, மண்ணாலா, தண்ணீராலா? லண்டனுக்கு வடக்கே றொதம்ஸ்ரெட் என்ற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1920களில் வேலைசெய்த ரொனால்ட் பிஷர் என்ற கணித அறிஞர் இதற்கு ஒரு வழி சொன்னார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆள் தெரிவுசெய்யக் கூடாது, சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். அப்போது நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், தெரிந்த வித்தியாசமும் தெரியாத வித்தியாசமும், இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடும். இதைத்தான் ஊரில் கணித பாடத்தில் "எழுமாற்று" என்று படித்தோம்.

இதை மனிதருக்கான மருந்துக்குக் கொண்டுவந்தவர் லண்டனைச் சேர்ந்த புள்ளிவிபர அறிஞர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில். அவரே இளம் வயதில் சயரோகத்தால் படுக்கையில் கிடந்து தப்பியவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஸ்ரெப்ரோமைசின் என்ற புது மருந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. நாட்டில் டொலர் இல்லை, வாங்க முடிந்த மருந்து கொஞ்சம், நோயாளரோ ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் கொடுக்க இயலாத நிலையில், யாருக்கு என்பதைச் சீட்டுத் தீர்மானிப்பது ஒருவருக்கும் அநியாயம் ஆகாது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். 107 நோயாளிகள். எந்தச் சிகிச்சை என்பது முத்திரையிட்ட கடித உறைக்குள் இருந்தது. ஆளை ஆய்வில் சேர்த்த பிறகுதான் உறையைத் திறப்பார்கள். எக்ஸ்ரே படம் பார்ப்பவருக்கு அது எந்தக் குழுவின் படம் என்று தெரியாது. 1948ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர்.

ஆய்வு நீதியாக நடந்தபடியால் இன்னொரு உண்மையும் வெளியில் வந்தது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடுகிறது, வருஷங்கள் போக அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்பதும் தெரிந்தது. உடனே இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து அடுத்த ஆய்வு தொடங்கியது. சயரோகத்துக்குக் கூட்டு மருந்து வந்த வழி இதுதான்.

எங்கள் மொழி பேசும் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் ஒரு இடம் உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. சயரோகக்காரரைச் சனற்றோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடு கொடுத்து, ஓய்வில் வைத்தால்தான் சுகம் வரும் என்று உலகமே நம்பியிருந்த காலம். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சனற்றோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959இல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெருக்கமான சிறு வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கும் மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் ஏறக்குறைய அதே அளவு சுகம் வந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஏழை நாடுகளில் கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற முடிந்ததற்கு அந்தச் சென்னைக் குடும்பங்கள் வழி திறந்தன.

எண்பது வருஷம் வெட்டிய கத்தி

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். ஊரிலே "மகரகமைக்குக் கொண்டு போயிற்றினம்" என்று சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும். அந்தப் பயம் நோயாளருக்கு மட்டுமல்ல, வைத்தியருக்கும் இருந்தது. பயந்த இடத்தில் மனிதன் "கூடச் செய்தால் கூட நல்லது" என்றுதான் நினைப்பான்.

அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். 1894இல் அவர், மார்புப் புற்றுநோய்க்குத் தான் சத்திரசிகிச்சை செய்த 50 பெண்களின் விபரத்தை வெளியிட்டார். மார்பு முழுவதையும், அதற்குக் கீழே உள்ள நெஞ்சுத் தசைகளையும், கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கட்டிகளையும் ஒன்றாக வெட்டி எடுப்பது அவருடைய முறை. மிகச் சிலருக்குத்தான் வெட்டிய இடத்தில் நோய் திரும்ப வந்தது. உலகம் மெச்சியது. எண்பது வருஷமாக அதுவே சட்டம்போல நின்றது. அந்தப் பெண்களின் நெஞ்சு குழிவிழுந்து, கை வீங்கி, பலருக்குத் தோளை உயர்த்த முடியாமல் போனது. "உயிர் தப்பினது காணும்" என்று சகித்துக்கொண்டார்கள்.

ஆனால் உயிர் தப்பியது அந்தப் பெரிய வெட்டினாலா? ஹால்ஸ்ரெட் அளந்தது, வெட்டிய இடத்தில் நோய் திரும்புகிறதா என்பதை. நோயாளிக்கு வேண்டியது உயிரோடு இருப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஒரு ஆய்வைத் தொடங்கும் முன்னமே எதை அளக்கப் போகிறோம் என்று சரியாகத் தீர்மானிக்காவிட்டால், தவறான கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

சந்தேகப்பட்டவர்கள் இல்லாமலில்லை. 1920களில் லண்டனில் ஜெப்ரி கெயின்ஸ் என்ற வைத்தியர் சிறிய வெட்டும் றேடியக் கதிரும் போதும் என்று காட்டினார். அவரைப் பலர் கேலிசெய்தார்கள். "என் நோயாளிகள் சுகமாக இருக்கினம்" என்று அவரும் சொல்லலாம், "என் நோயாளிகளும் சுகமாக இருக்கினம்" என்று பெரிய வெட்டுக்காரரும் சொல்லலாம். சீட்டுப் போட்டு ஒப்பிடாதவரைக்கும் வழக்குத் தீராது.

அந்த வழக்கைத் தீர்த்தவர் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த பேர்னாட் பிஷர். (தோட்டத்துப் பிஷர் வேறு, இவர் வேறு.) 1971இல் அவருடைய குழு ஒரு ஆய்வைத் தொடங்கியது. கமக்கட்டில் கட்டி தென்படாத பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஹால்ஸ்ரெட் முறை. இன்னொரு பகுதிக்கு மார்பை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை. மூன்றாவது பகுதிக்கு மார்பை மட்டும் எடுப்பது. சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் இதில் சேர மறுத்தார்கள். "எனக்குத் தெரியாது" என்று நோயாளிக்குச் சொல்லுவது அவர்களுக்கு மானப் பிரச்சினை. தன் கைராசியில் நம்பிக்கை வைத்தவன் சீட்டை நம்புவானா?

ஆனால் பெண்கள் சேர்ந்தார்கள். கமக்கட்டில் கட்டி இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 1,665 பேரை 25 வருஷம் பின்தொடர்ந்து, கடைசி முடிவை 2002இல் வெளியிட்டார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. நெஞ்சுத் தசையை வெட்டியதால் கூடுதலாக ஒருவரும் தப்பவில்லை.

1976இல் அடுத்த ஆய்வு தொடங்கியது. மார்பை முழுதாக எடுக்கத்தான் வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? 1,851 பெண்களை 20 வருஷம் பின்தொடர்ந்தார்கள். அதிலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களில், கதிர்ச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அதே மார்பில் நோய் திரும்பியது நூற்றுக்கு 14 பேருக்கு. அது பெறாதவர்களுக்கு நூற்றுக்கு 39. ஆகவே கட்டியை மட்டும் எடுத்துக் கதிரும் கொடுப்பது இன்றைய வழக்கமாயிற்று. இத்தாலியின் மிலான் நகரில் வெரோனேசி என்பவர் 701 பெண்களோடு நடத்திய தனி ஆய்வும், முழு மார்பையும் எடுக்கத் தேவையில்லை என்றே சொன்னது.

இடையில் ஒரு களவும் பிடிபட்டது. பிஷரின் ஆய்வில் சேர்ந்திருந்த மொன்றியல் நகர வைத்தியர் ஒருவர் சில நோயாளிகளின் விபரங்களைத் திரித்து எழுதியிருந்தது 1994இல் பகிரங்கமானது. சனம் கொதித்தது. அவர் அனுப்பிய நோயாளிகள் எல்லோரையும் கழித்துவிட்டுத் திரும்பக் கணக்குப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. பல ஆஸ்பத்திரிகள், பல கைகள், பல கண்கள் என்று ஆய்வைக் கட்டுவதன் பலன் அது. ஒரு தூண் உளுத்தாலும் பந்தல் விழாது.

நீதிமன்றம் கொடுத்த மருந்து

இனி, "புது மருந்தை எனக்கே தரச் சொல்லுங்கோ" என்று மன்றாடுகிறவர்களுக்கான கதை.

1980களின் கடைசியில் ஒரு புதுச் சிகிச்சை பெரும் நம்பிக்கையோடு வந்தது. பரவிவிட்ட மார்புப் புற்றுநோய்க்கு, வழமையான அளவிலும் பல மடங்கு பலமான மருந்தைக் கொடுப்பது. அந்த அளவு மருந்து எலும்பு மச்சையை அழித்துவிடும் என்பதால், முன்கூட்டியே மச்சையை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு திருப்பி ஏற்றுவது. செலவு ஒரு லட்சம் அமெரிக்க டொலரைத் தொட்டது. நோயாளி வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வதைபட வேண்டும். சிலர் அந்தச் சிகிச்சையிலேயே இறந்தார்கள். ஆனாலும் ஆரம்ப அறிக்கைகளில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களிலும் கூடக் காலம் வாழ்ந்தது தெரிந்தது. பத்திரிகைகள் எழுதின. காப்புறுதிக் கம்பனிகள் காசு கொடுக்க மறுத்தபோது குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1993இல் கலிபோர்னியாவில் ஒரு யூரி சபை, இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 89 மில்லியன் டொலர் கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு மறுக்கக் கம்பனிகளுக்குத் துணிவு வரவில்லை.

பல்லாயிரம் பெண்கள் இந்தச் சிகிச்சை பெற்றார்கள். நீதியான ஒப்பீடு நடத்துகிற ஆய்வுகளோ ஆள் இல்லாமல் இழுபட்டன. வெளியிலே கேட்டால் கிடைக்கிற ஒன்றுக்கு யார் சீட்டு எடுப்பார்கள்?

ஆனால் ஆரம்ப அறிக்கைகளுக்குள் கிணற்றடிப் பாத்தி ஒளிந்திருந்தது. இவ்வளவு கடுமையான சிகிச்சையைத் தாங்கக் கூடியவர்கள் என்று யாரைத் தெரிவுசெய்தார்கள்? இளம் வயதினர், இருதயமும் ஈரலும் நல்லாக இருப்பவர்கள், முதல் கொடுத்த மருந்துக்கு நோய் பணிந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் வழமையான மருந்திலேயே கூடக் காலம் வாழ்வார்கள் என்பதை 1997இல் ஹியூஸ்ரன் நகர வைத்தியர்கள் பழைய பதிவுகளிலிருந்து காட்டினார்கள்.

1999 மே மாதம் அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர்களின் மாநாட்டில் ஐந்து ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. நான்கில் பலன் இல்லை. ஒன்றில் மட்டும், தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க்கில் வேர்னர் பெஸ்வோடா நடத்தியதில், பெரும் பலன் என்றிருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நம்பியவர்கள் உண்டு. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்கக் குழு ஒன்று நேரே போய்ப் பதிவேடுகளைக் கேட்டது. பல நோயாளிகளுக்குப் பதிவே இல்லை. பொய்யை அவரே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் பிலடெல்பியாவைத் தலைமையாகக் கொண்ட ஆய்வு வெளிவந்தது. மூன்று வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள்: மச்சை ஏற்றியவர்களில் நூற்றுக்கு 32, வழமையான மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 38. இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்றாலும், அந்தப் பெரும் வதைக்குப் பலன் இல்லை என்பது தெளிவாயிற்று.

அந்தப் பெண்களில் கணிசமானோர் முதலிலேயே ஆய்வில் சேர்ந்திருந்தால் இந்த உண்மை பல வருஷம் முந்தித் தெரிந்திருக்கும். புதியது என்பதற்கு "புதியது" என்பதுதான் கருத்து. "நல்லது" என்பதை நிரூபிக்க வேண்டும்.

படிப்படியாக

அதற்காகப் புது மருந்தெல்லாம் பொய் என்று எண்ணிவிட வேண்டாம். 1948இல் பொஸ்ரனில் சிட்னி பார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினொப்ரெறின் என்ற மருந்தைக் கொடுத்தார். பத்துப் பேருக்குத் தற்காலிகமாகச் சுகம் தெரிந்தது. அந்த மருந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழுவிடமிருந்து வந்தது. சில மாதங்களே நீடித்த சுகம் அது. அதன் பிறகு ஒவ்வொரு ஆய்விலும் ஒரு படி. இந்த மருந்தோடு அந்த மருந்தைச் சேர்த்தால்? மூளைக்கும் சிகிச்சை கொடுத்தால்? இன்னும் ஒரு வருஷம் நீட்டினால்? குறைத்தால்? இன்று வசதியான நாடுகளில் இந்த நோய் வரும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரளவில் தப்புகிறார்கள். ஒரு தனி வைத்தியரின் அற்புதமல்ல இது. ஆயிரக்கணக்கான தாய் தகப்பன்மார் ஆய்வுக்குச் சம்மதித்ததன் பலன்.

ஒரு மருந்து எங்களிடம் வரும் முன் மூன்று வாசல் தாண்ட வேண்டும். முதலாவது கட்டத்தில் சிறு தொகையினருக்குக் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று பார்ப்பது. இரண்டாவதில், கட்டி சுருங்குகிறதா, நோய் பணிகிறதா என்று பார்ப்பது. மூன்றாவதில்தான் பெரும் தொகையினரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, இப்போதுள்ள சிறந்த சிகிச்சையோடு ஒப்பிடுவது. நல்ல சிகிச்சை ஒன்று இருக்கும்போது புற்றுநோய்க்காரரை வெறும் மாத்திரையோடு விடமாட்டார்கள். புதியது கிடைக்காதவருக்கு வழமையான சிகிச்சை கட்டாயம் கிடைக்கும். ஆய்வை நடத்துகிறவர்கள் அல்லாத வேறொரு குழு இடைக்கிடை கணக்கைப் பார்க்கும். ஒரு பக்கம் தெளிவாக வென்றாலோ, தீங்கு தெரிந்தாலோ, நிறுத்தச் சொல்லும்.

கிளிவெக் என்ற மாத்திரையைப் பாருங்கள். ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு 1998இல் முதற்கட்ட ஆய்வு தொடங்கியது. போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை முற்றாகச் சீரானது. இப்படி அபூர்வமாகத்தான் நடக்கும். அப்படியிருந்தும் 1,106 பேரோடு ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. ஆனால் பழைய மருந்து சீட்டில் விழுந்தவர்களுக்கு அது சரிவராவிட்டால் புதியதற்கு மாறலாம் என்று முன்னமே விதி எழுதியிருந்தார்கள். பெரும்பாலானோர் மாறினார்கள்.

இந்த நாட்டிலே 2005இல் "ஸ்ராம்பீட்" என்ற ஆய்வு தொடங்கியது. ஆண்களின் புரொஸ்ரேற் புற்றுநோய்க்கானது. ஒரு புது மருந்துக்கு ஒரு ஆய்வு என்றில்லாமல், ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு பல புதுச் சிகிச்சைகளை ஒன்றாக ஒப்பிட்டார்கள். பலன் தராததை இடையிலேயே நிறுத்தினார்கள். வேறு புதியதை இடையிலேயே சேர்த்தார்கள். ஏறத்தாழ 12,000 ஆண்கள் சேர்ந்தார்கள். டொசெற்றாக்செல் என்ற மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால், நடு அளவில் 71 மாதமாக இருந்த ஆயுள் 81 மாதமாக நீள்கிறது என்று தெரிந்தது. இன்று அதே நோயோடு போகும் எங்கட ஐயாமாருக்குக் கிடைக்கும் சிகிச்சை, முகம் தெரியாத அந்த ஆண்களின் கொடை.

கையெழுத்தின் விலை

"எலியாக்கிப் பாக்கினமோ" என்ற பயம் வெறும் அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கும் வரலாறு உண்டு.

நாசிகளின் முகாம்களில் கைதிகளின் மேல் கொடிய பரிசோதனை நடத்திய வைத்தியர்களை நூரம்பேர்க்கில் விசாரித்த நீதிமன்றம், 1947இல் ஒரு நெறியை எழுதியது. ஆய்வுக்கு உட்படும் ஆளின் சுயவிருப்பமான சம்மதம்தான் முதல் நிபந்தனை என்றது. ஆனால் 1963இல் நியூயோர்க்கின் புரூக்லினில் ஒரு ஆஸ்பத்திரியில், செஸ்ரர் சௌதம் என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் திட்டப்படி, 22 நோயாளிகளின் தோலுக்குக் கீழே உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள் ஊசியால் ஏற்றப்பட்டன. "புற்றுநோய்" என்ற சொல் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களில் சிலர் ஐரோப்பாவின் கொலை முகாம்களிலிருந்து தப்பிவந்த யூத அகதிகள். அகதி என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது.

அந்த ஆஸ்பத்திரியில் மூன்று இளம் வைத்தியர்கள், அவர்களும் யூதர்கள், இந்த ஊசியைப் போட மறுத்து வேலையை விட்டார்கள். விஷயம் வெளியில் வந்தது. விசாரணை நடந்தது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் ஆய்வுகளுக்கான நெறிகளை வகுத்தது. இன்று உங்கள் முன்னால் வைக்கப்படும் பல பக்கச் சம்மதப் பத்திரம் இப்படிப்பட்ட கொடுமைகளால் வந்தது. "ஏன் இவ்வளவு கடுதாசி?" என்று சலிக்கிறோம். அந்த 22 பேருக்கு அந்தக் கடுதாசி கிடைக்கவில்லை.

அந்தப் பத்திரம் ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற மட்டும் உள்ளதல்ல, உங்களுக்கும் உரியது. அதை வாசித்து விளங்கிக்கொள்வது உங்கள் உரிமை. சேர மறுத்தால் சிகிச்சை குறையாது. சேர்ந்த பிறகும் காரணம் சொல்லாமல் விலகலாம். அகதி வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் விசாவைத் தொடாது. மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, இந்த நாட்டு அரச ஆஸ்பத்திரிகளில் அதற்குக் காசில்லை. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் இருத்தி, தாயின் நோயைத் தாய்க்குச் சொல்ல வைக்காதேங்கோ. அந்தப் பிள்ளை தாங்காது.

வைத்தியரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கோ. இது எத்தனையாவது கட்டம்? எதோடு எதை ஒப்பிடுகிறீர்கள்? நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? நீங்கள் அளக்கப் போவது கட்டி சுருங்குவதையா, நான் கூட நாள் நல்லாக வாழ்வதையா? எத்தனை தரம் வரவேண்டும், என்ன பக்க விளைவு? அன்றைக்கே கையெழுத்து வைக்கத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு கதைத்து முடிவெடுக்க நேரம் கேட்கலாம். எல்லாம் விளங்கிய பிறகு "வேண்டாம்" என்றால் அதுவும் நல்ல முடிவு. விளங்காமல் "ஓம்" என்பதும், விளங்காமல் "மாட்டன்" என்பதும்தான் எனக்குக் கவலை.

அடுத்த முறை ஒரு வைத்தியர் "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஹால்ஸ்ரெட்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெஸ்வோடாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொள்ள நேர்மையான வழியையும் வைத்திருக்கும் வைத்தியரிடம் உங்கள் கேள்விகளைத் துணிந்து கேட்கலாம்.

எல்லோருக்கும் நோய்நொடியற்ற புத்தாண்டு வாழ்த்துக்கள்.